மாத்திரை பாதி, மனசு பாதியா?

போன இதழில் தலைவலி பற்றி எழுதும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: "மாத்திரை தொண்டையைத் தாண்டிய இரண்டாவது நிமிடமே வலி குறைந்தால் அந்தப் புண்ணியம் மருந்துக்குச் சேராது, மருந்து இன்னும் வயிற்றை விட்டே கிளம்பியிருக்காது, அது உங்கள் எதிர்பார்ப்பு செய்த வேலை." அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேருக்குக் கோபம், பாதிப் பேருக்குக் குஷி. குஷியானவர்களை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அதனால் இந்த முறை முழுக்க இதே பேச்சு. எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கே: என் கணவர் இருட்டில் தலைவலி மாத்திரை என்று நினைத்து என்னுடைய வைட்டமின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தார். பத்து நிமிடத்தில் வலி போய்விட்டது என்றார். காலையில் உண்மை தெரிந்ததிலிருந்து, "அப்போ உங்க தலைவலியே நாடகம்தானே" என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறோம். நாடகம்தானா டாக்டர்?

ப: இல்லை. பாவம் அவர், விட்டுவிடுங்கள்.

மருந்தே இல்லாத மாத்திரையை மருந்து என்று நம்பிப் போட்டுக்கொண்டால் வலி குறைவதை பிளாசிபோ விளைவு என்பார்கள். ரொம்ப நாளாக மருத்துவர்களே அதை உங்கள் வீட்டார் மாதிரிதான் பார்த்தார்கள்: வலி இருந்திருக்காது, அல்லது நம்மைத் திருப்திப்படுத்த 'குறைந்தது' என்கிறார். 1978-ல் அமெரிக்காவில் லெவைன், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூன்று பேர் செய்த சோதனைக்குப் பிறகு அப்படிச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. கடைவாய்ப் பல் எடுத்தவர்களுக்கு வலி மருந்து என்று சொல்லி வெறும் பிளாசிபோவைக் கொடுத்தார்கள், சிலருக்கு வலி குறைந்தது. அப்புறம் நாலக்சோன் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். நாலக்சோனின் வேலை, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் உடம்பில் போய் உட்காரும் இடங்களை அடைத்துவிடுவது. பிளாசிபோவால் குறைந்திருந்த வலி திரும்பி வந்துவிட்டது! கற்பனையில் குறைந்த வலி என்றால் நாலக்சோன் எதைத் தடுத்தது? மூளை தானே சுரந்துகொண்ட எண்டார்ஃபினை. மார்ஃபினுக்கு நம் உடம்புக்குள்ளேயே இருக்கும் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது வலியோடு நிற்கவில்லை. பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் குறைந்துபோகும். 2001-ல் கனடாவில் அந்த நோயாளிகளுக்கு மருந்து என்று நம்பும்படி பிளாசிபோ கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தபோது, டோபமின் சுரந்தது தெரிந்தது. மருந்து வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புக்கே மூளை தன் கையிருப்பை எடுத்து விடுகிறது.

ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கணவருக்கு வலி அந்த நேரத்தில் தானாகவே குறையத் தொடங்கியிருக்கலாம். நாம் மாத்திரையைத் தேடுவது வலி உச்சத்தில் இருக்கும்போது, உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே. ஜலதோஷத்துக்கு எதைச் சாப்பிட்டாலும் ஒரு வாரத்தில் 'குணமாவது' இப்படித்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பிளாசிபோ என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு வெறும் பனம்பழம்தான். 1955-ல் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், நோயாளிகளில் சுமார் 35 சதவீதம் பேருக்கு பிளாசிபோவாலேயே குணம் தெரிகிறது என்று எழுதினார். அந்த 35 இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் தானாகக் குறைந்த நோயையெல்லாம் அவர் கழிக்காமல் சேர்த்துவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

கே: மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படித்துவிட்டு மாத்திரை போட்டால் அதில் எழுதியிருக்கும் அத்தனை பக்கவிளைவும் எனக்கு வந்துவிடுகிறது. கொழுப்புக்குக் கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன், உடம்பெல்லாம் வலி. மகள் "எல்லாம் உன் பயம்" என்கிறாள். யார் சொல்வது சரி?

ப: இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி, அம்மா.

நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு உடம்பு வேலை செய்கிறது என்றால் கெட்டது நடக்கும் என்ற எதிர்பார்ப்புக்கும் செய்யத்தானே வேண்டும். அதற்குப் பெயர் நோசிபோ. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் கண்ணுக்குச் சொன்னதை உடம்புக்கும் சொல்லலாம்.

உங்கள் மாத்திரையை வைத்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரைச் சேர்த்தார்கள். அதாவது அத்தனை பேரும் உங்களைப் போன்றவர்கள். ஒரு வருடத்துக்கு 12 புட்டிகள்: நான்கு மாதத்துக்கு ஸ்டாட்டின், நான்கு மாதத்துக்கு அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் பிளாசிபோ, மீதி நான்கு புட்டிகள் காலி, அந்த மாதங்களில் மாத்திரையே கிடையாது. எந்த மாதம் எது என்பது குலுக்கிப்போட்டது. தினமும் தொந்தரவு எவ்வளவு என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போட வேண்டும். மாத்திரை இல்லாத மாதங்களில் சராசரி 8, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்று நீங்கள் சொல்வதற்குள் மூன்றாவது எண்ணையும் சொல்லிவிடுகிறேன்: பிளாசிபோ மாதங்களில் 15.4! மாத்திரை மாதங்களில் கூடிய தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு மருந்திலிருந்து வரவில்லை, மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பிலிருந்து வந்தது. முடிவு 2020-ல் வெளியானது. அவரவர் எண்களை அவரவரிடமே காட்டியபோது பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் இதில் அழகான பகுதி அதுதான், யாரும் யாரையும் "எல்லாம் உன் பயம்" என்று சொல்லவில்லை.

மகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு வலித்தது நிஜம். 2007-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த விவரம் இது: மனச்சோர்வு மருந்துச் சோதனையில் இருந்த 26 வயது இளைஞர் ஒருவர் ஒரு கெட்ட கணத்தில் கையில் இருந்த 29 மாத்திரைகளையும் விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு ஓடி வந்து சரிந்தார். ரத்த அழுத்தம் 80/40-க்கு இறங்கியிருந்தது, சலைன் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். சோதனை நடத்திய மருத்துவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது பிளாசிபோ. அதைக் கேட்ட 15 நிமிடத்தில் ஆள் தெளிந்துவிட்டார். ரத்த அழுத்தமானி நடிக்காது அல்லவா?

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? நீங்களாக நிறுத்தியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தசை பாதிப்பு இருக்கிறதா என்று ரத்தத்தில் சிகே என்ற நொதியின் அளவைப் பார்க்கலாம். அளவைக் குறைத்தோ வேறு வகை ஸ்டாட்டினுக்கு மாற்றியோ பார்க்கலாம். அபூர்வமாக ஸ்டாட்டின் நிஜமாகவே தசையைக் கெடுக்கும், ஆகவே தசையில் கடும் வலியோ பலவீனமோ வந்து சிறுநீர் கறுத்துப் போனால் இந்தப் பத்தியை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். "நூறில் ஒருவருக்கு வரலாம்" என்று எழுதியிருந்தால் "99 பேருக்கு வராது" என்று வாசித்துப் பாருங்கள். கணக்கு ஒன்றுதான், உடம்பு கேட்கும் விதம் வேறு.

கே: சிவப்பு மாத்திரை, நீல மாத்திரை என்று நிறத்தில் கூட விஷயம் இருக்கிறதாமே?

ப: இருக்கிறது, சின்னதாக. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களைச் சுறுசுறுப்பு தருவதாகவும் நீலம், பச்சையை அமைதி தருவதாகவும் மக்கள் உணர்கிறார்கள். மாத்திரையை விட ஊசிக்கு எதிர்பார்ப்பு அதிகம். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், சட்டுனு கேட்கும்" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. ஊசி தேவையே இல்லாத இடத்திலும் கேட்பார்கள், மறுத்தால் அடுத்த டாக்டரிடம் போய்விடுவார்கள்.

கே: என் மகனுக்குப் பத்து வருடமாக ஆஸ்துமா. ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து தினமும் "என் நுரையீரல் திறக்கிறது" என்று மனதில் ஓட்டிப் பார்க்கிறான். நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்கிறான். இன்ஹேலரை விட்டுவிட்டான். உங்கள் பத்தியைப் படித்ததும் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

ப: நான் பயந்தது இந்தக் கடிதத்துக்குத்தான். தயவுசெய்து இதை அவரிடம் இன்றைக்கே படித்துக் காட்டுங்கள்.

2011-ல் அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளிகளை வைத்து ஒரு சோதனை. ஒரே ஆளுக்கே வெவ்வேறு நாட்களில் நான்கு விதமாகச் செய்தார்கள்: நிஜ மருந்து இருக்கும் இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், குத்துவதாகப் பாவனை காட்டும் போலி அக்குபஞ்சர், நான்காவதாக எதுவுமே கொடுக்காமல் சும்மா உட்கார வைத்தல். அப்புறம் இரண்டு விஷயங்களை அளந்தார்கள்.

முதலாவது, "எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி. நிஜ மருந்துக்கு 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள். மருந்தில்லாத இன்ஹேலருக்கு 45, போலி அக்குபஞ்சருக்கு 46, சும்மா இருந்ததற்கு 21. நோயாளியின் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டால் மருந்துக்கும் போலிக்கும் வித்தியாசமே இல்லை.

இரண்டாவது, கருவியில் ஊதச் சொல்லி, ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது என்ற அளவு. நிஜ மருந்தில் அது 20 சதவீதம் கூடியது. மற்ற மூன்றிலும் சுமார் 7 சதவீதம்தான், போலி இன்ஹேலரும் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒன்று.

நான் இந்தப் பத்தி முழுக்கச் சொல்ல நினைப்பதை இந்த ஒரு சோதனை சொல்லிவிடுகிறது. எதிர்பார்ப்பு நம் உணர்வை மாற்றுகிறது. வலி, குமட்டல், களைப்பு, மூச்சு முட்டும் உணர்வு இவற்றையெல்லாம் நிஜமாகவே, மூளையின் ரசாயனம் வழியாகவே மாற்றுகிறது. சுருங்கிய மூச்சுக்குழாயை அது விரித்துவிடவில்லை. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை, அவருக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆஸ்துமாவில் அதுதான் ஆபத்து, ஏனென்றால் குழாய் இறுகிக்கொண்டே போகும்போது 'முட்டுகிறது' என்று சொல்லி நம்மை ஓட வைப்பது அந்த உணர்வுதான், அந்த மணியின் நாக்கைக் கழற்றிவிட்டால் எப்படி? மனப்பயிற்சியை விடச் சொல்லவில்லை, தாராளமாகச் செய்யட்டும். இன்ஹேலர் திரும்பி வர வேண்டும், பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவியில் தினமும் ஊதி எண்ணைக் குறித்து வைக்க வேண்டும், இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வகுப்பு நடத்துகிறவர் இன்ஹேலரை நிறுத்தச் சொல்லியிருந்தால் அவரைப் பற்றி நான் அச்சில் எழுத முடியாத வார்த்தைகள் கைவசம் இருக்கின்றன.

கே: என் அக்காவுக்குப் புற்றுநோய். வருகிறவர்கள் எல்லோரும் "எண்ணம் போல் வாழ்வு, நல்லதையே நினை, கட்டி கரைந்துவிடும்" என்கிறார்கள். போன மாதம் ஸ்கேனில் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. அன்றிரவு அக்கா என்னிடம், "நான் ஒரு நாள் அழுதுட்டேன்ல, அதனாலதான்" என்றாள். என்னால் இதைத் தாங்க முடியவில்லை.

ப: உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள்: அழுததால் கட்டி வளராது. சிரித்தாலும் கரையாது. புற்றுநோய்க்கு அவர் நினைப்பது கேட்காது.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் வந்த 1,093 பேரின் மனநிலையைக் கேள்வித்தாள் மூலம் குறித்துக்கொண்டு, யார் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று பார்த்த ஆய்வு 2007-ல் வந்தது. ஆய்வு முடிவதற்குள் 646 பேர் இறந்திருந்தார்கள். மனம் தெம்பாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை, துவண்டு கிடந்தவர்கள் சீக்கிரம் போகவுமில்லை. இதற்கு முன்னால், 1989-ல், டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர் ஒரு முடிவை வெளியிட்டிருந்தார்: பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் இருந்த 86 பெண்களில், வாராவாரம் கூடிப் பேசும் குழுவில் இருந்தவர்கள் சராசரியாக ஒன்றரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2001-ல் 235 பெண்களை வைத்து வேறொரு குழு அதைச் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே 2007-ல் மறுபடி செய்து பார்த்து, முன்பு கண்ட பலன் இப்போது தெரியவில்லை என்று வெளியிட்டார். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். முதல் செய்தி போன வேகத்தில் பின்னால் வந்தவை போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த 2001 ஆய்வில் இன்னொன்றும் இருந்தது: குழுவில் இருந்த பெண்களுக்கு வலி குறைவாக இருந்தது, மனம் லேசாக இருந்தது, முக்கியமாக ஆரம்பத்தில் ரொம்பக் கலங்கிப் போயிருந்தவர்களுக்கு. ஆகவே அக்காவோடு உட்கார்ந்து பேசுங்கள், அழுதால் அழ விடுங்கள். அதனால் ஆயுள் கூடுமா என்று கணக்குப் பார்க்காதீர்கள், இன்றைய ராத்திரி கொஞ்சம் நன்றாகப் போகும். வருகிறவர்கள் அந்த வசனத்தை ஆரம்பித்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள், பழி என் மேல் இருக்கட்டும். நல்ல எண்ணத்தால் நோய் குணமாகும் என்று சொல்கிறவர்கள், குணமாகாத ஒவ்வொருவரையும் கெட்ட எண்ணக்காரர் என்று சொல்கிறார்கள், சொல்கிறோம் என்று தெரியாமலே.

கே: கிளினிக்கில் ரத்த அழுத்தம் 150, வீட்டில் 125. எது உண்மை?

ப: இரண்டுமே உண்மை. டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் ஏறுகிற அழுத்தத்துக்கு 'வெள்ளைக் கோட்டு ரத்த அழுத்தம்' என்றே பெயர். பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மானி அதைக் காட்டுகிறது. வீட்டில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் எடுங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்த எண்களைக் கொண்டு போய்க் காட்டுங்கள். தேவைப்பட்டால் 24 மணி நேரம் மாட்டிவிடும் கருவி வைப்பார்கள். வெறும் பயம்தானே என்று இதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள், இப்படி இருப்பவர்களில் கொஞ்சம் பேருக்குப் பின்னால் நிஜ ரத்த அழுத்தமே வருகிறது.

கே: எண்ணம் நோயைக் குணப்படுத்தாது என்கிறீர்கள். ஆனால் கவலையால் நோய் வரும் என்றும் டாக்டர்களே சொல்கிறார்கள். முன்னுக்குப் பின் முரணாக இல்லையா?

ப: நல்ல கிடுக்கிப்பிடி. கவலை என்பது நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும்போது வெறும் எண்ணமாக இருப்பதில்லை. தூக்கம் போகிறது, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறி நிற்கிறது, நோய் எதிர்ப்பு வேலை தடுமாறுகிறது. 1991-ல் வெளியான ஒரு ஆய்வில் 394 பேரின் மூக்கில் ஜலதோஷக் கிருமியைச் சொட்டுவிட்டு, வெளியாரோடு சேரவிடாமல் வைத்துப் பார்த்தார்கள் (சம்மதத்தோடுதான்!). மன அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது, மிக அதிகமாக இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு.  கடும் துக்கத்தில் இதயத்தின் அறை ஒரு பக்கம் பலூன் போல உப்பி, மாரடைப்பு மாதிரியே நெஞ்சு வலி வருவதும் உண்டு. 1990-ல் ஜப்பானில் இதை விவரித்தவர்கள், உப்பிய இதயம் ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடி மாதிரி இருந்ததால் டாகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிறது, பலருக்கும் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. ஆக, நாள்பட்ட அழுத்தம் உடம்பைத் தேய்க்கும். அதற்காக அதன் மறுபக்கமாக, சந்தோஷம் கட்டியைக் கரைக்கும் என்று ஆகிவிடாது. வீட்டைத் தீ எரிக்கும், தண்ணீர் ஊற்றினால் எரிந்த வீடு மறுபடி எழும்பி நிற்குமா?

கே: அப்படியானால் டாக்டர்கள் எங்களுக்குத் தெரியாமல் வெற்று மாத்திரை கொடுப்பார்களா? நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா?

ப: தொழிலுக்கு வந்த புதிதில், ஒன்றுமில்லாததற்கு வைட்டமின் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது கூச்சமாக இருக்கிறது. பொய் சொல்லித்தான் அந்தப் பலனைப் பெற வேண்டும் என்றுகூட இல்லை போலிருக்கிறது. 2010-ல் டெட் காப்ட்சுக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும், குடல் எரிச்சல் நோய் இருந்த 80 பேரில் பாதிப் பேருக்கு 'இதில் மருந்து எதுவும் இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லி, புட்டியிலும் பிளாசிபோ என்று எழுதி, தினம் இரண்டு வேளை சாப்பிடச் சொன்னார்கள். மூன்று வாரத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள், சாப்பிடாதவர்களில் 35. சின்ன ஆய்வு, அதிலும் நோயாளியின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்தது, ஆகவே அளவோடு நம்புங்கள்.

நான் இப்போது செய்வது வேறு. 2010-ல் வந்த இன்னொரு ஆய்வில், பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் பாதிப் பேரிடம் "பெரிய தேனீ கொட்டுவது மாதிரி இருக்கும், இதுதான் மோசமான கட்டம்" என்றும் மீதிப் பேரிடம் "அந்த இடத்தை மரத்துப்போக வைக்கிறோம், அப்புறம் வசதியாக இருக்கும்" என்றும் சொன்னார்கள். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் தேனீக்காரர்கள் 5 என்றார்கள், மற்றவர்கள் 3. அதைப் படித்ததிலிருந்து, ஊசி போடும்போது "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லும் இருபது வருடப் பழக்கத்தை விட முயன்றுகொண்டிருக்கிறேன். வாய் தவறி வந்துவிடுகிறது. என் நர்ஸ்தான் பக்கத்தில் நின்று முறைப்பார்.